தேனீ, பாம்பு, குரங்கு, வௌவால்: ஆளைக் கூப்பிடுவதா, நாமே பார்த்துக்கொள்வதா?

வாசகர் கேள்வி – பதில்

லிச்சியும் மாவும் பூத்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் கடற்கரை ஊர்களில் தேனீக் கூட்டம் பிரியத் தொடங்கிவிடும். அடுத்து மழை, மழையோடு பாம்பு. கோடை முற்றினால் சீலிங்குக்குள் வௌவால் வாடை. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கின்றன: காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டுமா, வீட்டிலேயே சமாளிக்கலாமா? வந்திருப்பது எது, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கேள்வி: எங்களுடையது பழைய கவுன்சில் வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கூரை ஓரப் பலகைக்குப் பின்னால் ஒரு வருடமாகத் தேனீ இருந்தது. போன மாதம் என் கணவர் இரவில் இரண்டு டப்பா பூச்சி ஸ்ப்ரே அடித்தார். இரண்டு நாள் ஒரே களேபரம், அப்புறம் அடங்கிவிட்டது. இப்போது படுக்கையறை சீலிங்கில் பழுப்புக் கறை, புளித்த பழம் மாதிரி வாடை. ஒருவர், "இன்னொரு தடவை மருந்தடித்தால் போதும்" என்கிறார். இன்னொருவர் பலகையைப் பிரித்து எடுக்க வேண்டும் என்று மூன்று மடங்கு பணம் கேட்கிறார். யாரைக் கூப்பிடுவது? – வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: பலகையைப் பிரிப்பவரைக் கூப்பிடுங்கள். ஆனால் அதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலை: கறை விளக்குப் பொருத்திய இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த அறையின் மின்சாரத்தை டிபி போர்டில் (வீட்டின் மெயின் ஸ்விட்ச் பலகையில்) அணைத்துவிடுங்கள். சீலிங்கில் இறங்குவது தேன். அது ஒயர் இணைப்புக்குள் போனால் ஆபத்து.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் விலை வித்தியாசம் ஏன் என்பதும் புரியும். உயிரோடு இருக்கும் கூட்டில் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து, சிறகால் விசிறி, புழு வளரும் இடத்தை 34, 35 டிகிரியில் வைத்திருக்கும். ஸ்ப்ரே அந்த விசிறிகளைக் கொன்றுவிட்டது, அடையை ஒன்றும் செய்யவில்லை. கோடையில் கூரைக்கடியில் சூடு 40 டிகிரியைத் தாண்டும்போது மெழுகு இளகித் தேனின் பாரம் தாங்காமல் தொங்கி அறுந்து விழுகிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீயின் ஒரு முழு மரச் சட்டத்திலேயே 2 முதல் 3 கிலோ தேன் நிற்கும். ஒரு வருடக் கூட்டில் அப்படிப் பல அடைகள் இருக்கும். காவல் இல்லாத அடைக்குள் கூட்டு வண்டு நுழைந்து முட்டையிடும். அதன் புழு துளைத்துப் போன தேன் புளித்து நுரைக்கும். உங்களுக்கு வரும் வாடை அதுதான், அழுகிய ஆரஞ்சு மாதிரி இருக்கும். பின்னாலேயே மெழுகுப் பூச்சி, எறும்பு, கரப்பான். இது போதாதென்று, பழைய மெழுகு வாடை அடுத்த கூட்டத்துக்கு அழைப்பிதழ் மாதிரி. மறுபடி மருந்தடிப்பவர் இதில் எதையும் தொடப்போவதில்லை.

மருந்தில் இன்னொரு தீங்கும் உண்டு. காவலில்லாத தேனை அக்கம்பக்கத்துத் தேனீக்கள் வந்து கொள்ளையடிக்கும். மருந்து பட்ட தேன் அந்தக் கூடுகளுக்கும் போகும். அந்த அடையிலிருந்து ஒரு சொட்டுத் தேனைக்கூட குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கூட்டில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்கு மேல், வாசல் ஓட்டையிலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி நின்று கால் மணி நேரம் கவனியுங்கள். உள்ளே போகும் தேனீயின் பின்னங்காலில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ சின்ன உருண்டை ஒட்டியிருந்தால் அது மகரந்தம். மகரந்தம் புழுவுக்குச் சாப்பாடு. அப்படியானால் ராணி பிழைத்திருக்கிறது, கூடு மறுபடி தலையெடுக்கிறது. எல்லாத் தேனீயும் காலில் ஒன்றும் இல்லாமல், பரபரப்பாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போய் வந்தால் அது கொள்ளைக் கூட்டம், கூடு செத்துவிட்டது.

இனி, வருபவரிடம் கேட்க வேண்டியவை. அடை முழுவதையும் வெளியே எடுப்பீர்களா? பிரித்த பலகையை யார் மறுபடி பொருத்துவது? தேனீ உயிரோடு இருந்தால் எங்கே கொண்டுபோவீர்கள்? தேனீ வளர்ப்பவர் வேளாண் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். மருந்துதான் வழி என்று ஒருவர் சொன்னால், 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டப்படி அவருக்கு ஆங்கில 'P' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் காட்டத் தயங்குபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கூட்டம் திரும்பி வந்தால் எத்தனை மாதம் வரை இலவசமாக வந்து பார்ப்பார் என்பதையும் எழுதி வாங்குங்கள். பகல் பதினொரு மணிக்கு வந்து பிரிக்கிறேன் என்பவரிடம் எச்சரிக்கை தேவை. அந்த நேரத்தில் பாதித் தேனீ வெளியே மேய்ந்துகொண்டிருக்கும். அவை திரும்பி வந்து, கூடு இல்லாமல் உங்கள் ஜன்னலில் மொய்க்கும். மாலை சாய்ந்த பிறகு மூடி எடுத்துப் போவதுதான் முறை.

உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒன்று: ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை யாரும் வெட்டவோ, துளை போடவோ, உடைக்கவோ, பிரஷர் தண்ணீரால் கழுவவோ விடாதீர்கள். முழுசாக இருக்கும் தகடு சும்மா கிடக்கும். உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். ஓரப் பலகை வழியாகவோ, உள்ளே சீலிங் பலகையை இறக்கியோ கூட்டை எடுக்கலாம். தகட்டைத்தான் எடுக்க வேண்டும் என்றால் 2020-இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் ஒழுங்குவிதிகளின்படி பதிவு பெற்றவர்களே செய்ய வேண்டிய வேலை அது.

அவர்கள் போன பிறகு மீதி உங்கள் வீட்டார் கையில். மரத்தில் ஒட்டிய மெழுகை அகலத் தகட்டால் சுரண்டி, வாஷிங் சோடா கலந்த வெந்நீரில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அதன்மேல் எண்ணெய்ப் பெயின்ட் ஒரு கோட் அடித்தால் வாடை அமுங்கும். காலியான குழியைத் துணி, பஞ்சு, ஃபோம் எதையாவது வைத்து நிரப்பிவிடுங்கள், இடமில்லாத இடத்துக்குத் தேனீ வராது. வாசல் ஓட்டைக்கும், சுவரில் உள்ள காற்றுச் செங்கலுக்கும் 3 மில்லிமீட்டர் கண் உள்ள துருப்பிடிக்காத வலை போடுங்கள். 5 மில்லிமீட்டர் கண்ணில் தேனீ தாராளமாக நுழையும். பலர் கொசு வலையைக் கோந்தால் ஒட்டிவிட்டு நிம்மதியாகி விடுகிறார்கள். ஒரு வெயில் காலம்கூட அது தாங்காது.

கேள்வி: எங்கள் வீட்டு மாமரத்தில் நேற்றிலிருந்து கால்பந்து அளவுக்குத் தேனீ உருண்டையாகத் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பூஜை. அண்ணன் சாம்பிராணிப் புகை போடலாம் என்கிறார். – வாசகர், பீனிக்ஸ்

பதில்: புகை வேண்டாம். அது கூடு கிடையாது, பழைய கூட்டிலிருந்து பிரிந்த கூட்டம் புது வீடு தேடும் வரை இளைப்பாறுகிறது. சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் தானாகப் போய்விடும். காக்க வேண்டிய புழுவும் தேனும் இல்லாததால் முதல் நாள் சாதுவாக இருக்கும். மழையில் நனைந்து, பசியோடு மூன்றாம் நாளும் தொங்கும் கூட்டத்துக்கு அந்தப் பொறுமை இருக்காது. புகை போட்டாலோ, தண்ணீர் பீய்ச்சினாலோ அவை கலைந்து பக்கத்திலேயே, ஒருவேளை உங்கள் கூரைக்குள்ளேயே, போய் உட்காரும்.

ஞாயிறு வரை காத்திருக்க முடியாதென்றால் தேனீ வளர்ப்பவர் ஒருவரை மாலையில் வரச் சொல்லுங்கள். கிளையைப் பெட்டிக்குள் ஒரு உலுக்கு உலுக்கினால் முடிந்தது, தொழிலாளிக்கு அது கால் மணி நேர வேலை. கூட்டம் வேண்டுமென்று தேடுபவர்கள் பணமே வாங்காமல் எடுத்துப் போவதும் உண்டு. இதே கூட்டம் சுவருக்குள் போய் ஆறு வாரம் ஆனால் செலவே வேறு.

கேள்வி: எனக்குக் கைவேலை நன்றாக வரும். பின்கட்டில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் டிரம்முக்குள் ஒரு மாதமாகத் தேனீ. உடுப்பும் புகைப்பானும் வாங்கி நானே எடுத்துவிட முடியாதா? – வாசகர், வெருலம்

பதில்: நீங்கள் சொல்வது, சொந்தமாகச் செய்யத் தகுந்த சில இடங்களில் ஒன்று. ஏணி வேண்டாம், சுவர் உடைக்க வேண்டாம், கூடு இளசு. ஆனால் நம் ஊர்த் தேனீயின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1956-இல் ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டு, அடுத்த வருடம் தப்பித்து, அமெரிக்கக் கண்டம் முழுக்க மிரட்டிய தேனீயின் தாய் வீடு இந்தப் பக்கம்தான். ஐரோப்பியத் தேனீயை வைத்து எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது தேனீக் கொட்டு ஒவ்வாது என்றாலோ, உங்களுக்கே முன்பு கொட்டியபோது உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு இரைத்தது என்றாலோ இத்தோடு நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

தேவையானவை: முகவலை ஜிப்போடு சேர்ந்த வெள்ளை உடுப்பு இரண்டு (தனியாகச் செய்யவே கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும்), முழங்கை வரை வரும் தோல் கையுறை, கம்பூட், கால்சட்டை நுனியைக் கட்ட டேப், புகைப்பான், ஐந்து சட்டம் உள்ள சிறு பெட்டி, தடித்த ரப்பர் பேண்ட் ஒரு கைப்பிடி, நீளக் கத்தி, மென்மையான தூரிகை, மூடியுள்ள வாளி. புகைப்பானுக்கு உலர்ந்த பைன் ஊசியோ, மருந்து படாத சணல் சாக்கோ போடுங்கள். புகை வெள்ளையாக, குளிர்ந்து வர வேண்டும். புறங்கையில் ஊதிப் பாருங்கள், சுட்டால் அது தேனீயையும் சுட்டுக் கோபப்படுத்தும்.

நாய்களை முன்கூட்டியே வீட்டுக்குள் அடையுங்கள். கட்டிப் போட்ட நாயும் கூண்டுக் கோழியும் ஓடித் தப்ப முடியாமல் செத்துப்போவது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிறது. பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் புல்வெட்டும் இயந்திரம் ஓடக் கூடாது, அந்த அதிர்வே அவற்றைக் கிளப்பிவிடும்.

சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆரம்பியுங்கள். வாசலில் நாலைந்து ஊது ஊதி மூன்று நிமிடம் விடுங்கள். தேனீ ஒன்று கொட்டியதும் ஆபத்து என்று மற்றவற்றுக்குச் சொல்லும் ஒரு வாடை கிளம்பும். அதைப் புகை மறைக்கும், தேனீக்களைத் தேன் குடிக்கவும் அனுப்பும். பிறகு டிரம்மை மெதுவாகத் திருப்புங்கள். ஓரத்து அடைகளில் தேன் இருக்கும், நடு அடைகளில் முட்டையும் புழுவும். தேன் அடையை வெட்டி வாளியில் போட்டு உடனே மூடுங்கள். பெட்டிக்குள் வைத்தால் கசிந்து தேனீக்களை மூழ்கடிக்கும், எறும்பைக் கூட்டும். புழு அடையை மட்டும் மேற்பக்கம் மேலாகவே இருக்கும்படி சட்டத்துக்குள் பொருத்தி இரண்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். ஒரு வாரத்தில் தேனீக்களே மெழுகால் ஒட்டிக்கொண்டு, ரப்பரைக் கடித்து இழுத்து வெளியே போட்டுவிடும்.

ராணியைக் கண்ணால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெட்டி வாசலைப் பாருங்கள். சில தேனீக்கள் வாலைத் தூக்கி, தலையைக் கவிழ்த்து, சிறகடித்தபடி வரிசையாக நின்றால் ராணி உள்ளே வந்துவிட்டது. மற்றவை நடந்தே உள்ளே போகத் தொடங்கும். எல்லாம் பெட்டியைவிட்டு டிரம்முக்கே திரும்பி நடந்தால் ராணி இன்னும் அங்கே ஒரு மூலையில் கொத்தாக இருக்கும் தேனீக்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்தக் கொத்தை அப்படியே அள்ளிப் பெட்டியில் விடுங்கள். இருட்டியபின் வாசலை வலையால் அடைத்து, குறைந்தது 3 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதைவிடப் பக்கம் என்றால் மேயும் தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இருட்டில் சிவப்பு வெளிச்சம் போடுங்கள், சிவப்பு அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை டார்ச் அடித்தால் அதை நோக்கிப் பறந்து வரும்.

பெரும்பாலும் காலை வாருவது புகைப்பான்தான், நடுவேலையில் அணைந்துவிடும். அடுத்து, மணிக்கட்டு இடைவெளி, மூக்கோடு ஒட்டிய முகவலை. கையுறையில் கொட்டினால் வாழைப்பழ வாடை வரும், அந்த இடத்தில் உடனே புகை ஊதுங்கள். இருபது மீட்டர் விலகி வந்தும் முகவலையில் தேனீக்கள் மோதிக்கொண்டே இருந்தால் அன்றைய வேலையை நிறுத்துங்கள்.

உடுப்பு இல்லாத எவரையாவது துரத்தினால் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்க் கதவை மூட வேண்டும். நீச்சல் குளத்தில் குதித்தால் தலையைத் தூக்கும் வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொடுக்கை நகத்தாலோ அட்டையாலோ எதனாலோ எடுங்கள், வேகம்தான் முக்கியம். விஷப்பை அரை நிமிடத்துக்குள் பெரும்பகுதியை இறக்கிவிடும். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், தலைசுற்றல் வந்தால் ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. நிறையக் கொட்டு வாங்கிய குழந்தையை, நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கேப் டவுனில் மகள் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்த தேனீயைப் பெட்டியோடு லெனேசியாவுக்குக் கொண்டுவரலாமா? – வாசகர், லெனேசியா

பதில்: கூடாது. கேப் தேனீ வேறு வகை. அதன் வேலைக்காரத் தேனீயே இணை சேராமல் பெண் முட்டையிடும். உங்கள் பக்கத்து வடக்கத்திக் கூட்டுக்குள் புகுந்தால் அது வேலை செய்யாது, முட்டையிட்டுப் பெருகும், கடைசியில் அந்தக் கூடு அழியும். 1990-ஐ ஒட்டி அப்படிக் கொண்டுபோன பெட்டிகளால் வடக்கே ஆயிரக்கணக்கான கூடுகள் நாசமாயின. அங்கே பிடித்தது அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: மழை விட்ட மாலையில் வாசலில் ஒரு சாண் நீளக் கறுப்புப் பாம்பு. மகன் "மண்புழு மாதிரித்தானே இருக்கிறது" என்று தலைக்குப் பின்னால் பிடித்துத் தூக்கப் போனான், தடுத்துவிட்டேன். போன மாதம் குளியலறையில் பச்சைப் பாம்பு. ஆயா முட்டையும் பாலும் வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஜெயிஸ் ஃப்ளூயிட் (கிருமிநாசினி) ஊற்றச் சொல்கிறார். – வாசகி, ரிசர்வாயர் ஹில்ஸ்

பதில்: நீங்கள் தடுத்ததால் மகனின் விரல் தப்பியிருக்கலாம். மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து வெளிவரும் சிறிய, பளபளப்பான கறுப்புப் பாம்பு ஸ்டிலெட்டோ வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பல் தாடைக்குப் பக்கவாட்டில் நீளும், வாயைத் திறக்காமலே குத்தும். அதனால் தலைக்குப் பின்னால் பிடிக்கும் வித்தை அதனிடம் பலிக்காது, பிடித்தவர் விரலிலேயே குத்து விழும். ஆளைக் கொல்வதில்லை, ஆனால் வலி கடுமையானது, தசை அழுகி விரல் போனவர்கள் உண்டு. ஜோஹன்னஸ்பர்கில் தயாராகும் பல பாம்புகளுக்கான விஷமுறிவு மருந்து மாம்பாவுக்கும் நாகத்துக்கும் பஃப் ஆடர் என்கிற விரியனுக்கும் உதவும், இதற்கு உதவாது. ஆகவே "சின்னதுதானே" என்று எந்தப் பாம்பையும் கையில் எடுக்க வேண்டாம்.

குளியலறைப் பச்சைப் பாம்பு அநேகமாகப் புள்ளிப் புதர்ப் பாம்பு. உடம்பின் முன்பாதியில் கறுப்புப் புள்ளிகள், மெலிசு, சுவரில் ஏறும், பல்லி தவளை தின்னும், விஷம் கிடையாது. பச்சை மாம்பாவுக்குப் புள்ளி இருக்காது. ஆனாலும் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கறுப்பு மாம்பா கறுப்பே கிடையாது, சாம்பலோ ஆலிவ் நிறமோதான், வாயின் உட்புறம்தான் கறுப்பு. உங்கள் பகுதியிலும், வெஸ்ட்வில், க்வீன்ஸ்பர்க் பள்ளத்தாக்கு ஓரங்களிலும் மாம்பா வீட்டுக் கூரைக்குள் வாரக்கணக்கில் தங்குவது உண்டு.

பாம்பு விஷயத்தில் வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது. ஐந்து மீட்டர் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். பிடிக்க வருபவர் முதலில் கேட்பது "இப்போது எங்கே இருக்கிறது?" என்பதுதான். அறைக்குள் என்றால் வெளியே வந்து கதவைச் சாத்தி, கீழிடுக்கில் துண்டைச் சுருட்டித் திணியுங்கள். ஜூம் செய்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பாதிக் கவலை அந்தப் படத்திலேயே தீர்ந்துவிடும். வருபவரிடம் எசெம்வெலோ என்கிற மாகாண வனவிலங்குத் துறையின் அனுமதி உண்டா என்று கேட்கலாம். படமெடுக்கும் பாம்பு, குறிப்பாக இங்கே இம்ஃபேசி என்கிற துப்பும் நாகம் என்றால், இரண்டு மூன்று மீட்டர் வரை கண்ணை நோக்கித் துப்பும். பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆயாவின் பக்தியை மதிக்கிறோம். ஆனால் பாம்புக்குப் பால் உணவு இல்லை. முட்டை வைத்தால் எலியும் கீரியும் குரங்கும் வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். அம்மனுக்கு வைக்கும் படையலைப் பூஜை முடிந்ததும் உள்ளே எடுத்துவிட்டால் போதும். ஜெயிஸ் ஃப்ளூயிட், உப்பு, பூண்டு, நாப்தலின் உருண்டை இவை எதுவும் பாம்பை நிறுத்தாது. ஜெயிஸ் ஃப்ளூயிட் பூனை, நாய்க்கு விஷம் வேறு. விறகுக் குவியல், பழைய தகரம், செங்கல் அடுக்கு ஆகியவற்றைச் சுவரை ஒட்டி வைக்காமல் அகற்றுங்கள், கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள், கதவடியில் ரப்பர் பட்டை அடியுங்கள். பாம்பைக் குறைப்பது இவைதான்.

கேள்வி: குரங்குக் கூட்டம் சமையலறைக்குள் வந்து வாழைப்பழத்தை அள்ளிப் போகிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் பெல்லட் துப்பாக்கியால் சுடுகிறார். பிடித்துக் கொண்டுபோய் வேறெங்காவது விட ஆள் கிடைப்பார்களா? – வாசகர், சில்வர்க்ளென்

பதில்: கூட்டத்தைப் பிடித்து வேறு இடத்தில் விடுகிறேன் என்று சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் வெர்வெட் குரங்கைப் பிடிப்பது குற்றம். பிடித்தாலும் அந்த எல்லை காலியாக இருக்காது, அடுத்த கூட்டம் வந்து உட்காரும். குடியிருப்புப் பகுதியில் காற்றுத் துப்பாக்கி சுடுவது 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குற்றம், மிருகவதைச் சட்டம் அதற்கு மேல். பெல்லட் பட்ட தாய்க் குரங்கு பல நாள் துடித்துச் சாகிறது, வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டியும் கூடவே சாகிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

இது முழுக்க முழுக்க வீட்டார் கையில் இருக்கும் வேலை. ஜன்னலுக்கு 25 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை போடுங்கள், திருட்டுக்கான கிரில் கம்பி இடைவெளியில் குட்டி நுழைந்து தாய்க்கு எடுத்துக் கொடுக்கும். மேசையில் பழம் கண்ணில் படக் கூடாது. வெளியில் உள்ள சாமி மேடையில் தேங்காயும் வாழைப்பழமும் இரவெல்லாம் இருப்பது அவற்றுக்கு மணியடித்துக் கூப்பிடுவது போல. குப்பைத் தொட்டி மூடிக்குக் கொக்கி போடுங்கள். வந்தால் ஹோஸ் தண்ணீர் போதும். ரப்பர் பாம்பு ஒரு வாரம் வேலை செய்யும், இடம் மாற்றாமல் வைத்தால் அதன்மேலேயே உட்கார்ந்து பழம் தின்னும்.

வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் கதவை மறித்து நிற்காதீர்கள். ஒரு ஜன்னலை அகலத் திறந்துவிட்டு அறையைவிட்டு விலகுங்கள். முறைத்துப் பார்ப்பதும் பல்லைக் காட்டுவதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பது. கடித்தாலோ கீறினாலோ கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, ரேபிஸ் ஊசி வேண்டுமா என்று அன்றைக்கே மருத்துவமனையில் கேளுங்கள்.

கேள்வி: சீலிங்கில் நூற்றுக்கணக்கில் வௌவால். டிசம்பர் விடுமுறையில் ஓட்டையெல்லாம் அடைத்துவிடலாம் என்றிருக்கிறோம். – வாசகர், டொங்காட்

பதில்: டிசம்பரில் அடைக்கவே அடைக்காதீர்கள். கோடை முழுக்கக் குட்டி போடும் காலம், சில இனங்கள் ஒரே கோடையில் ஒரு தடவைக்கு மேலும் ஈனும். தாய் வெளியே மாட்டிக்கொள்ள, பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே செத்து நாறும். ஏப்ரல் கடைசிக்கு மேல், குளிர் அதிகமில்லாத மாலைகளாகப் பார்த்துச் செய்யுங்கள். கடுங்குளிரில் அவை வெளியே வராமல் முடங்கிவிடும்.

முதலில் இரண்டு மாலை வெளியே உட்கார்ந்து எந்தெந்த இடுக்கிலிருந்து வருகின்றன என்று குறியுங்கள். பெருவிரல் அகலம்கூட வேண்டாம், ஒன்றரை சென்டிமீட்டர் இடுக்கே போதும். முக்கிய வழியைத் தவிர மற்றதையெல்லாம் அடையுங்கள். முக்கிய வழியின்மேல் பொடிக்கண் வலையை மேலும் இரு பக்கமும் ஆணியடித்து, கீழ்ப்பக்கம் திறந்தபடி அரை மீட்டர் தொங்க விடுங்கள். நம் கூரைகளில் தங்கும் வௌவால்கள் ஊர்ந்து இறங்கிக் கீழே விழுந்து பறப்பவை, ஆகவே சுலபமாக வெளியேறும். திரும்பி வரும்போது பழைய இடுக்கையே நேராகத் தேடும், கீழே உள்ள வாய் அவற்றுக்குத் தோன்றாது. ஒரு வாரம் விட்டு, ஒன்றும் வரவில்லை என்று பார்த்தபின் நிரந்தரமாக அடையுங்கள்.

எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள், அந்தத் தூசியில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, எஃப்எஃப்பி2 முகமூடியும் கையுறையும் போட்டு அள்ளிப் பையில் கட்டுங்கள். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம், ரேபிஸ் குடும்பக் கிருமிகள் அவற்றில் உண்டு. மூட்டை மூட்டையாக எச்சம் என்றாலோ, மின்வயர் அதற்குள் புதைந்திருந்தாலோ, சுத்தம் செய்ய மட்டும் ஆள் வையுங்கள்.

கேள்வி: எலிக்கு டாக்சி ஸ்டாண்டில் விற்கும் பொடி நன்றாக வேலை செய்கிறதாமே? – வாசகி, பீனிக்ஸ்

பதில்: லேபிள் இல்லாமல் சின்னப் பொட்டலத்திலோ பாட்டிலிலோ விற்கும் எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவற்றில் பெரும்பாலும் வயலுக்கான கொடிய பூச்சிமருந்துதான் இருக்கும். 2024 அக்டோபரில் சோவேட்டோவில் ஆறு குழந்தைகள் இறந்ததற்கு டெர்பூஃபோஸ் என்ற அப்படிப்பட்ட மருந்துதான் காரணம் என்று சுகாதார அமைச்சரே அறிவித்தார். சமையலறை அலமாரியிலோ மாவு டப்பா பக்கத்திலோ தூவினால், அதைத் தொட்ட கை வாய்க்குப் போகிறது.

இரண்டு மூன்று எலிக்கு ஸ்பிரிங் பொறி போதும். சுவருக்குச் செங்குத்தாக, தீனிப் பக்கம் சுவரைத் தொடும்படி வைத்து, பட்டாணி அளவு கடலை வெண்ணெய் தடவுங்கள். முதல் இரண்டு இரவு பொறியை ஏற்றாமல் தின்ன விட்டால் மூன்றாம் இரவு நிச்சயம் மாட்டும். எலி பெருகிவிட்டது என்றால் பதிவு பெற்றவரை வைத்து, பூட்டிய தீனிப் பெட்டியில்தான் மருந்து போடச் சொல்லுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும், கூரையில் எலி பிடிக்கும் ஜெனட் என்கிற, பூனை மாதிரியான காட்டு விலங்கும் சாகும் என்பதால் செத்த எலிகளைத் தினமும் பொறுக்கிப் புதைக்க வேண்டும். குழந்தை எதையாவது வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் விஷத் தகவல் உதவி எண் 0861 555 777-ஐ அழையுங்கள். பொட்டலம் கிடைத்தால் அதையும் பையில் போட்டு மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.